குலவைக்கு அடியில்

பூலாங்கேணியில் யாரிடமாவது வயசு கேட்டுப் பாருங்கள், குக்கர் கூவாத வருஷத்துக்கு முந்தி பிறந்தேன் என்பார்கள், அல்லது பிந்தி என்பார்கள். அந்த ஊரின் காலக்கணக்கே அதுதான், ஏனென்றால் அந்த ஒரு வருஷம் அங்கே ஒரு வீட்டிலும் குக்கர் கூவவில்லை, கோயில் மணி ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு தொங்கியது, தென்காசி பஸ் வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பியது, சவுண்ட் சர்வீஸ் ஆதிமூலம் அண்ணாச்சி வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எல்லாம் முப்பிடாதி வீட்டுக் கம்ப்யூட்டர் செய்த வேலை.

முப்பிடாதி மேலத்தெருவில் ரவிக்கை தைக்கிறவள். அம்மன் பேரையே அவளுக்கும் வைத்திருந்ததாலோ என்னவோ, முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டால்தான் சாமியாடிக்கு அருள் இறங்கும் என்று ஊரில் பேச்சு. அவள் புருஷன் பலவேசம், ஆதிமூலத்திடம் மைக் செட் வேலை பார்த்தவன், கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதில் அணில்பிள்ளை. முந்தின வருஷத்துக் கொடையில், உச்சிவெயில் காய்கிற மதியக் கொடை நேரத்தில், சாமி இறங்கிப் பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தபோது, கரண்ட் அடித்துக் கம்பத்து உச்சியிலிருந்து விழுந்து அவன் செத்துப்போனான்.

"குடிச்சிட்டு ஏறிட்டான், நானும் எவ்வளவோ சொன்னேன்" என்றார் ஆதிமூலம். அவர் குரல் லேசுப்பட்ட குரலா? மைக்கைப் பிடித்து 'பக்தகோடிப் பெருமக்களே' என்று அவர் ஆரம்பித்தால் படுத்திருக்கிற மாடு எழுந்து நிற்கும். அந்தக் குரல் சொன்னதை ஊர் நம்பியது. நம்பினதோடு விட்டதா? காப்புக் கட்டி விரதம் இருக்கிறவன் குடித்தால் அம்மன் சும்மா விடுவாளா, அடித்துப் போட்டுவிட்டாள் என்று அதன்மேல் ஒரு மாடியும் கட்டியது. பலவேசம் வாழ்நாளில் சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவனில்லை என்று முப்பிடாதி தொண்டை கிழியச் சொன்னாள். தாலி அறுத்தவள் பேச்சு யார் காதில் ஏறும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செத்தவனுக்குக் கோயில் மாலை போடுவது அந்த ஊர் வழக்கம், அதுகூடப் பலவேசத்துக்கு இல்லை என்று ஆயிற்று.

அதையும் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள். எதிர்வீட்டுச் செண்பகம் மயினி மகள் கல்யாணம் வந்ததில்தான் எல்லாம் கிளம்பியது. காலையில் செண்பகம் வாசலில் வந்து நின்று கையைப் பிசைந்தாள்.

"எட்டி முப்பிடாதி, தப்பா நெனைக்காத. தாலி கட்டுத நேரம் மட்டும் கொஞ்சம் உள்ள இரி. மாப்பிள வீட்டாளுவ ஒரு மாதிரி."

"நான் எங்க மயினி வெளிய வந்தேன்? நீங்க போங்க."

கதவைச் சாத்திக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கேட்டது. கூடவே, அவள் வீட்டு வாசல் கம்பத்தில் கட்டியிருந்த ஆதிமூலத்தின் குழாயிலிருந்து, ஒரு குலவை கிளம்பித் தெருவெல்லாம் சுழன்றது. முப்பிடாதி ஊசியில் விரலைக் குத்திக்கொண்டாள். அது அவளுடைய குலவை. போன கொடையில் ஆதிமூலம் போனைச் சட்டைப்பையில் ரெக்கார்டில் போட்டு வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் சுவிட்ச் போர்டோரம் வந்து நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. புருஷன் செத்த அன்றைக்கு எடுத்த குலவையை அந்த மனுஷன் ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஆளு ஆகாது, குலவை மட்டும் ஆகுமோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். "தெய்வம் நின்னு கொல்லுமாம். நிக்கட்டும். நான் உக்காந்து கொல்லுதேன்."

மறுநாளே கிளம்பிப் போய், மூடிக்கிடந்த பிரவுசிங் சென்டரில் தூசி அடைந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரை, தன்னிடமிருந்த இரண்டாவது தையல் மிஷினைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள், வெளிநாட்டில் இருக்கிற புருஷன்மாரோடு பெண்கள் பேசுவதற்கென்று அங்கே தொங்கவிட்டிருந்த மைக்கையும் சேர்த்து. அவள் கணக்கு நேரானது. இந்தக் காலத்துப் பையன்கள் கல்யாணத்துக்கு நெஞ்சு அதிர்கிற பாட்டு கேட்கிறார்கள், ஆதிமூலமோ பழைய பாட்டையே போட்டு அறுக்கிறார். தானே பாட்டுப் பண்ணி அந்த ஆளின் பிழைப்பில் மண் அள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குமேல் அவள் அன்றைக்கு எதுவும் நினைக்கவில்லை.

யார் சொல்லிக் கொடுத்தது என்கிறீர்களா? போன் வீடியோவில் வருகிற ஒரு வடநாட்டுப் பையன். இந்தியில் தொணதொணவென்று பேசுவான், முப்பிடாதிக்கு ஒரு எழுத்து புரியாது, ஆனால் அவன் அம்புக்குறி போகிற இடத்தையே கண்கொட்டாமல் பார்த்து அதே இடத்துக்குத் தன் அம்பையும் கொண்டுபோவாள். சும்மா கிடைக்கிற ஒரு சாப்ட்வேர், அதில் வரிசையாகக் கட்டங்கள், ஒரு கட்டத்தை அமுக்கினால் ஒரு அடி. முதல் நாள் எல்லாக் கட்டத்தையும் அமுக்கிவிட்டாள், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தது மாதிரி ஒரே இரைச்சல். டெம்போ என்கிற வேகத்தை ஏற்றி வைத்துவிட்டு இறக்கத் தெரியாமல் முழித்தாள். பிறகுதான் பிடிபட்டது, இதுவும் ரவிக்கைக்கு ஊக்கு வைக்கிற கதைதான், எங்கே வைக்கிறோம் என்பதைவிட எங்கே விடுகிறோம் என்பதில் இருக்கிறது. நாலு கட்டத்துக்கு ஒரு அடி வைத்தாள், நடுவில் ஒன்றை விட்டாள். பீட் எழுந்து நடந்தது. அன்றைக்குத்தான் பலவேசம் செத்தபிறகு முதன்முதலாகச் சிரித்தாள், உடனே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அதில் இருந்த மேளமெல்லாம் ஊர் பேர் தெரியாத மேளம், அவளுக்குப் பிடிக்கவில்லை. மைக்கைத் தையல் மிஷின் பக்கத்தில் வைத்துச் ரெக்கார்ட் பண்ணுகிற சிவப்புப் பொட்டை அமுக்கி, மிஷினை மிதித்தாள். கடகடவென்று அலை அலையாகக் கோடு எழுந்தது. அதை வெட்டி ஒட்டிப் போட்டுப் பார்த்தால், அடேயப்பா, என்ன தாளம்! சந்தோஷமாக எழுந்துவந்து பாதியில் நின்ற ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்தாள். மிஷின் ஓடியது, ஊசி ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. எடுத்த சத்தம் எடுத்ததுதானே, அது இரண்டு இடத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குத் தைத்தாள். சாயங்காலம் சரியாக வராத ஒரு துண்டை அழித்தபோது மிஷின் பழையபடி லேசாக முனகியது. எடுத்தால் இங்கே வரும், அழித்தால் அங்கே போகும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்தது குக்கர். தன் வீட்டு விசிலுக்குத்தான் மைக்கை வைத்தாள், ஆனால் சோறு வேகிற பொழுதாகையால் ஊர் முழுக்கக் கூவியது எல்லாம் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அன்றைக்குப் பூலாங்கேணியில் பருப்புக் கருகாத வீடு இல்லை. செண்பகம் அடிப்பிடித்த குக்கரோடு ஓடிவந்தாள்.

"எட்டி, உன் கம்ப்யூட்டரு என் விசிலத் தின்னுட்டுன்னு சொல்லுதாளுவளே, நெசமா?"

"ஆமா மயினி. வேணும்னா கேளுங்க" என்று கூவவிட்டுக் காட்டினாள்.

"என் குக்கரேதான்! கடைசில ஒரு விக்கல் இருக்கும், பாத்தியா?" செண்பகத்துக்கு ஒரே பெருமை. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன் கொறட்டைய எடுப்பியா?" என்று கேட்டாள்.

அதோடு ஆரம்பித்தது. கிறீச்சிடுகிற கேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், மாமியாரின் முணுமுணுப்பை எடுக்கச் சொல்லி மருமகளும் மருமகளின் பாத்திரம் உருட்டலை எடுக்கச் சொல்லி மாமியாரும் ஒரே நாளில் வந்து வாசலில் முட்டிக்கொண்டார்கள், உப்பு விற்கிறவன் தன் கூவல் போய்விடுமே என்று மேலத்தெருவுக்குள் நுழைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கையால் உப்பு உப்பு என்று சைகை காட்டிப் போனான், கோயில் கமிட்டி கூடி மணிக்கு ஈரத்துண்டு சுற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது, பஸ் டிரைவர் தொல்லை எதற்கு என்று ஹாரனைத் தானே வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். செண்பகத்துக்குக் குறட்டை இல்லாமல் உறக்கம் வரவில்லை, அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். சோறு வேகிற பொழுதுக்கு முப்பிடாதி ஜன்னலில் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை வைத்து விசிலைப் போடுவாள், அதைக் கேட்டு ஊர் அடுப்பை அணைத்தது. இப்படி வாழ ஊர் ஒரு மாசத்தில் பழகிவிட்டது. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்?

ஆவணியில் தெருக்கோடியில் இன்னொரு கல்யாணம். அவள் வீட்டு வாசல் கம்பத்தில் அதே குழாய். முப்பிடாதி மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள். கெட்டிமேளம் கொட்டியது, அவள் குலவை குழாயிலிருந்து புறப்பட்டு, தெருவைச் சுற்றி, மைக் வழியாக அவள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அடுத்த முகூர்த்தத்தில் ஆதிமூலம் போனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார், கொசு பாடுகிற சத்தம்கூட வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று முகத்தைச் சுளித்தார்கள். ஆதிமூலம் நேரே முப்பிடாதி வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி! எம் பொழப்புல கைவைக்கியா? எம் பொருள எடுக்க நீ யாரு?"

"எது அண்ணாச்சி உங்க பொருளு? என் நாக்கா?"

"குடிகாரன் பொண்டாட்டிக்கு வாயப் பாரு! காப்புக் கட்டிட்டுக் குடிச்சான், அம்மன் அடிச்சா. நான் ஊரறியச் சொன்னேன், இன்னும் சொல்லுவேன், சாகுத வரைக்கும் சொல்லுவேன்!"

"சொல்லுங்க அண்ணாச்சி. கொஞ்சம் பக்கத்துல வந்து சொல்லுங்க."

ஆதிமூலம் பக்கத்தில் வந்து, மேஜையைத் தட்டித் தட்டி, தன் ஆயுசில் பேசாததையெல்லாம் பேசினார். சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பேசி முடித்து, கடைசியாக ஒரு கெட்ட வார்த்தைக்கு வாயைத் திறந்தார். காற்று வந்தது. தொண்டையைச் செருமினார், செருமலுக்கும் சத்தமில்லை. முப்பிடாதி எழுந்து கதவைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள்.

நெஞ்சு குளிர்ந்துவிட்டது என்று நினைத்தாள். எங்கே குளிர்ந்தது? அந்த மனுஷன் வாயால் உண்மையைச் சொல்லவைக்காமல் பலவேசம் பேரிலிருக்கிற அழுக்கு போகாது, அந்த வாயை அவளே பூட்டியல்லவா வைத்துவிட்டாள்! அவர் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, 'குடிச்சான்' என்பதில் ஒரு பாதி, 'நான்' என்பதில் ஒரு பாதி என்று எடுத்து 'அவன் குடிக்கல, நான்தான் கொன்னேன்' என்று தைத்துப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட ரவிக்கை போல ஒவ்வொரு மூட்டிலும் பிதுங்கியது. கேட்கிற குழந்தைகூடச் சிரிக்கும். அதை அழிக்காமல், ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, குப்புறப் படுத்து அழுதாள்.

கொடை நெருங்கியது. மைக் செட் இல்லாமல் கொடை நடந்தால் அம்மன் வருவாளா? கோயில் தர்மகர்த்தா பொன்னம்பலம் மாமா, மணியைப் போலத் தானும் ஒரு துண்டை வாயில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார், துண்டை லேசாக விலக்கிக் கேட்டார்.

"இந்த வருஷம் நீதாம்மா மேளம் போடணும்."

"தாலி அறுத்தவ ஆகுமா மாமா?"

"கம்ப்யூட்டருக்கு ஏதும்மா தாலி?" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

சரி என்றாள். ஊரின் எல்லாச் சத்தத்தையும் போட்டு ஒரு சாமிமேளம் பண்ண உட்கார்ந்தாள். நடுவில் குலவை வரவேண்டும். குலவை மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு நின்றது, அதைக் கொஞ்சம் தணிக்கலாம் என்று, வடநாட்டுப் பையன் காட்டின வளைந்த கோட்டை மவுஸால் பிடித்து, கூர்மையான சத்தமெல்லாம் இருக்கிற பக்கத்தைக் கீழே இழுத்தாள். குலவை மெலிந்தது. இன்னும் இழுத்தாள். குலவைக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது.

"அண்ணாச்சி! லைன் போட்றாதீய! வயரு என் கையில கெடக்கு!"

பலவேசம். அதற்குப் பதில் சொல்லி, போன் இருந்த சட்டைப்பைக்கு மிக அருகில், தெளிவாக இன்னொரு குரல்.

"சாமி வந்துட்டுல! நீ கெடந்தா கெட, நான் லைனப் போடுதேன்!"

பிறகு டப் என்று ஒரு சுவிட்ச். ஊர் ஊராகப் போய், தாலி ஏறுகிற நேரமெல்லாம் ஆதிமூலம் தன் கொலையைத் தானே குழாயில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். (இனிமேல் என்ன அவர்? அவன்தான்.) அவனுக்கும் தெரியவில்லை, கேட்ட ஊருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் மேலே முப்பிடாதியின் குலவை மூடிக்கிடந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்லா உன்ன மூடினேன்! நீ கத்தக் கத்த நான்லா நாக்கச் சுத்திட்டு நின்னேன்! கடைசி வார்த்தைகூட எனக்கில்லாம அந்தச் சவத்துப்பயலுக்குல்லா சொல்லிட்டுப் போயிருக்க!" அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கோட்டை எவ்வளவு தூரம் இழுக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

மதியக் கொடைக்கு ஊரே கூடியிருந்தது. கம்ப்யூட்டரை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பந்தலில் வைத்திருந்தாள், பாக்ஸெல்லாம் ஆதிமூலத்தினுடையது, ஊரில் வேறு பெரிய பாக்ஸ் ஏது? அவனும் பட்டுத்துண்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றான். முப்பிடாதி ஒரு பட்டனை அமுக்கினாள். தையல் மிஷின் தடதடத்தது, அதன்மேல் குக்கர்கள் கூவின, கேட்டுகள் கிறீச்சிட்டன, தென்காசி பஸ் அலறியது, மாமியார்கள் முணுமுணுத்தார்கள். "எட்டி, என் குக்கரு, என் குக்கரு!" என்று செண்பகம் துள்ளினாள். பந்தல் கால்கள் அதிர்ந்தன, வேப்பமரத்துக் காக்காய்கள் கலைந்து பறந்தன, இளவட்டம் ஆடியது, கிழடுகளும் ஆடின, சாமியாடிக்கு அருள் வந்து வேப்பங்குலையோடு குதித்தார். அப்போது குலவை எழுந்தது, கூடி நின்ற பெண்களின் நாக்கெல்லாம் தானாகச் சுழன்றது. முப்பிடாதி மேளம் முழுவதையும் நிறுத்தி, பெண்களைக் கையமர்த்திவிட்டு, அந்த வளைந்த கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

பலவேசம் கெஞ்சினான். ஆதிமூலம் பதில் சொன்னான். சுவிட்ச் டப் என்றது.

ஆடின சாமியாடி நின்றுவிட்டார். வேப்பங்குலை கீழே விழுந்தது. ஆதிமூலம் இரண்டு கையையும் ஆட்டி, கம்ப்யூட்டரைக் காட்டி, கத்தரி போல விரலை வெட்டிக் காட்டி, பொய், பொய், வெட்டி ஒட்டினது என்று சத்தமில்லாமல் கத்தினான். சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொன்னம்பலம் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"ஊமையக் குத்தம் சாட்டுதது மொறையில்லம்மா. அவன் பேச்சக் குடுத்துரு. அம்மன் முன்னால அவனே சொல்லட்டும்."

"குடுக்கேன் மாமா" என்றாள் முப்பிடாதி. "அவன் வாயால சொல்லணும்னுதான எனக்கும்."

அவள் அவன் பேச்சு முழுவதையும் அழிக்கவில்லை. குலவைக்கு அடியில் கிடந்த அவனுடைய அந்த ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அளவாக வெட்டியெடுத்து, அழித்தாள். ஆதிமூலத்தின் தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது, கனைத்தான், கனைப்பு கேட்டது. அவன் முகம் மலர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, மாட்டை எழுப்புகிற அந்தப் பழைய தோரணையில், பக்தகோடிப் பெருமக்களே என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"நீ கெடந்தா கெட, நான் லைனப் போடுதேன்!"

திகைத்துப் போனான். மறுபடியும் பொய் என்று சொல்லப் பார்த்தான், அதே வந்தது. அம்மா தாயே என்று கும்பிடப் பார்த்தான், அதே வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டான், துண்டுக்குள்ளிருந்தும் அதுவே வந்தது. ஊர் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை, விலகி வழி விட்டது. பொன்னம்பலம் மாமா அம்மன் கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து, ஒரு வருஷம் பிந்தி, பலவேசத்துக்கென்று முப்பிடாதி கையில் கொடுத்தார். மறுநாள் அவள் ஊரின் சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள், குக்கர்கள் ஒன்றாகக் கூவின, மணி துண்டைக் களைந்தது. ஆதிமூலத்தின் மீதிப் பேச்சையும், குலவையையும், அதனடியில் இருந்த பலவேசத்தின் குரலையும் மட்டும் அவள் தொடவில்லை. அழித்தால் பலவேசத்தின் குரல் திரும்பிப் போக இடம் ஏது, மண்ணுக்குள்ளேயா?

ஆதிமூலத்தின் கதை அதோடு முடிந்ததா? டீக்கடையில் சீனி கம்மியாக ஒரு டீ கேட்பான், நீ கெடந்தா கெட என்று வரும். மகன் போன் பண்ணினால் அதே வரும். பேத்தி பிறந்தாள், காதில் மூணுதரம் பேர் சொல்லுவதற்குத் தாத்தாவை அழைத்தார்கள், அவன் குனிந்ததும் மருமகள் பிள்ளையை வெடுக்கென்று இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் ஆதிமூலம் முப்பிடாதி வீட்டுக்கு நடந்துவந்தான்.

இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மிஷினில் இருந்தாள். அவன் படியேறாமல் கீழேயே நின்று, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று ஊற்றியது. உதடு நடுங்கத் திறந்தது.

"நீ கெடந்தா கெட... நான் லைனப் போடுதேன்..."

என்ன சொல்ல வந்தான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் பேச்செல்லாம் பின்னால் மேஜைமேல் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது, ஒரு பட்டனை அமுக்கினால் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முப்பிடாதி மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலையை மெல்லச் சாய்த்து, காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"காதுல விழல அண்ணாச்சி. இன்னொரு தரம் சொல்லுங்க."